பெரிய வீட்டு உறவுகள்

அண்ணன்: பெரியப்பாவின் இரும்புப் பெட்டியில் ஒரு பத்திரம் இருந்தது. 1974. ஆங்கிலத்தில் தட்டச்சு. தலைப்பு மார்ட்கேஜ். தென்னந்தோப்பின் சர்வே எண்.

சேலம் அத்தை: தோப்பா? அடைமானமா?

தங்கை: அகராதியில் பார்த்தேன். மார்ட் என்றால் சாவாம்!

பெரியம்மா: பதினாறாம் நாள்கூட ஆகவில்லை. அந்தச் சொல் வேண்டாம் கண்ணு.

கோவைச் சித்தப்பா: பயப்படாதே அம்மா. மார்ட் என்றால் செத்த, கேஜ் என்றால் ஈடு. பழைய பிரெஞ்சு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் சட்டத்துக்குள் அவர்கள் மொழி புகுந்தது. கேஜ் என்பதற்கு வேர் ஜெர்மானியம். ஆங்கிலத்தில் திருமணத்தைக் குறிக்கும் வெட்டிங் என்ற சொல்லும் அதே வேர்தான். ஈடு வைத்துக் கொடுத்த வாக்கு.

அண்ணன்: 1974இல்தானே அத்தை திருமணம்?

சேலம் அத்தை: வந்துவிட்டதா? என்னால் தோப்பு போனது என்று ஐம்பது வருடமாகக் கேட்கிறேன்.

கோவைச் சித்தப்பா: அக்கா, யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சேலம் அத்தை: உன் மனைவி சொன்னாள்.

சென்னை அண்ணி: ஞாயிறு பந்திக்கு எத்தனை இலை? சமையல்காரர் முன்பணம் கேட்கிறார்.

அண்ணன்: 120.

பெரியம்மா: 150 சொல்லுங்கள்.

கோவைச் சித்தப்பா: முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். 15ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய நீதிபதி தந்த விளக்கம் இது: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்தது, கட்டினால் கொடுத்தவருக்குச் செத்தது. ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே, கிளான்வில் பெயரில் வழங்கும் ஆங்கிலேயச் சட்ட நூலில் வேறு காரணம் இருக்கிறது. நிலத்தின் விளைச்சல் கடனில் கழியாமல் போனால் அதுவே செத்த ஈடு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. நம் ஊர் ஒத்தியும் இப்படித்தானே? விளைச்சல் வட்டிக்குப் போகும், முதல் அப்படியே நிற்கும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலும் இந்த வகை அடைமானம் உண்டு. அதனால் கேட்கிறேன், தோப்பில் காய் வெட்டியது யார்?

பெரியம்மா: மேலத்தெருக்காரர். நான் வாழ வந்த நாள் முதல்.

தங்கை: அப்படியானால் ஒத்தியா?

கோவைச் சித்தப்பா: பத்திரத்தைப் படித்தால்தான் தெரியும். முதுகில் வரவு எழுதியிருக்கிறதா பார்.

அண்ணன்: கறையான் அரித்திருக்கிறது. தேதி தெரியவில்லை. கீழே ஒரு கையெழுத்து மட்டும் இருக்கிறது.

சென்னை அண்ணி: 150 என்று சொல்லிவிட்டேன். பாயசம் எது?

கோவைச் சித்தப்பா: ஞாயிறு காரியம் முடிந்து வக்கீலிடம் போவோம். அதுவரை மேலத்தெருவில் யாரும் பேச வேண்டாம்.

பெரியம்மா: காலையிலேயே சொல்லிவிட்டேனே தம்பி.

சேலம் அத்தை: அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கி அனுப்பு. அப்பாவுடையது என்றால் எனக்குத் தெரியும்.