பி 0010 கோடு அழித்தாலும் திரும்ப வருகிறது, ஓசிவி மாற்றியும் தீரவில்லை

கொங்குவண்டி:
வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்ஜினில் விவிடி (வால்வுகள் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) உண்டு, இன்டேக் பக்கம் மட்டும். கொஞ்ச நாளாகச் செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி 0010 மட்டும்தான், வேறு கோடு இல்லை. அழித்தால் போய்விடும். காலையில் வண்டி நன்றாக ஓடும்; சூடானதும், அதிலும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால், மறுபடியும் வந்துவிடும். வந்ததும் கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் சுத்தமாக இல்லை. ஐடிலிங் மட்டும் சரியாக இருக்கிறது.

ஷெட்டில் ஆயில் மாற்றினார்கள். அப்புறம் விவிடிக்கு ஆயில் விடும் மின்வால்வான ஆயில் கன்ட்ரோல் வால்வையே (ஓசிவி) புதிதாகப் போட்டார்கள். தீரவில்லை. இப்போது டைமிங் செயினோடு கேம் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது.

ஓட்டுநர்_77:
எனக்கும் இப்படி வந்தது. ஆயில் கிரேடு தப்பாக இருக்கும். பிளஷ் போட்டுப் பாருங்கள்.

பழைய_ஸ்பேனர்:
ஓட்டுநர் தம்பிக்கு வந்தது அநேகமாக பி 0011 ஆக இருக்கும். அது வேறு, இது வேறு. இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் போக வேண்டிய கோணத்துக்குப் போகவில்லை என்றால் 0011 அல்லது 0012 வரும். அதற்கு ஆயில், அடைப்பு, ஸ்ப்ராக்கெட், செயின் எல்லாம் காரணமாகலாம். 0010 என்பது சர்க்யூட் கோடு. வால்வின் காயில் வழியாகக் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை என்று இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்கிறது. செயின் எவ்வளவு தேய்ந்தாலும் காயிலில் ஓடும் கரண்ட் மாறாது. அதனால் செயின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

பிக்கப் குறைவதும் ஐடிலிங் கெடாததும் பொருந்துகிறது. கரண்ட் இல்லாதபோது இன்டேக் கேம் பின்தங்கிய கோணத்தில் பூட்டி நிற்கும். ஐடிலிங்குக்கு அதுதான் வேண்டும், இழுவைக்கு ஆகாது.

இன்ஜின் ஆறிய பிறகு வால்வின் கனெக்டரைக் கழற்றி, வால்வின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். பல வண்டிகளில் 7-ஐ ஒட்டி இருக்கும். டொயோட்டாவின் பல விவிடி-ஐ இன்ஜின்களுக்கு 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 வரை. அப்புறம் சாவியை ஆன் செய்து, ஒயர் பக்கக் கனெக்டரில் எந்தப் பின்னில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். ஒயரிங் படம் பார்க்காமல் இதை முடிவு செய்ய வேண்டாம். சில வண்டிகளில் இரண்டு ஒயருமே இசியுவுக்குப் போகும், அங்கே இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

தயவுசெய்து ஒயரின் மேல் ஊசி குத்திப் பார்க்காதீர்கள். அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, நாளடைவில் செம்பு பச்சை பூத்துவிடும்.

கொங்குவண்டி:
நன்றி அண்ணா. காயில் 7.4 ஓம். படத்தின்படி ஒரு ஒயர் மெயின் ரிலேயிலிருந்து வருகிறது, இன்னொன்று இசியுவுக்கு. ரிலே ஒயரில் 12.3 வோல்ட், பேட்டரியிலும் ஏறக்குறைய அதேதான். இசியுவுக்குப் போகும் ஒயரை, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளிலும் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன், 0.3 ஓம், ஆட்டிப் பார்த்தாலும் மாறவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதே, அப்படியானால் இசியுதான் போய்விட்டதா?

பழைய_ஸ்பேனர்:
இசியு மேல் பழி போட இன்னும் நேரமிருக்கிறது. அந்த 12.3 என்பது மீட்டருக்கு மட்டும் கிடைத்த 12.3. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் குழாயில் முக்கால்வாசி அடைப்பு இருந்தாலும், திருகை மூடியிருக்கும்போது பிரஷர் முழுசாகத்தான் காட்டும். திறந்தால்தான் சாயம் வெளுக்கும். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும்.

வால்வு இழுப்பது 12-ஐ 7.4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.6 ஆம்பியர். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பும் ஏறக்குறைய அவ்வளவே இழுக்கும். ரிலே ஒயர் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அந்தப் பல்பைக் கொடுத்து, எரியும்போதே வோல்ட் அளந்து பாருங்கள். பின்னுக்குள் தடித்த கம்பியைத் திணிக்காதீர்கள், வாய் அகன்றுவிட்டால் அது ஒரு தனிப் பிரச்சினை. இசியு ஒயரில் பல்பு கொடுக்கவே கூடாது. இசியுவுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் புகைந்துவிடும்.

கொங்குவண்டி:
பல்பு மங்கலாக எரிகிறது. எரியும்போது 5 வோல்ட்டுக்குக் கீழே! ஹார்னஸை (ஒயர்க் கட்டை) ஆட்டினால் அணைந்தே போகிறது.

பழைய_ஸ்பேனர்:
கிடைத்துவிட்டது. அதே ரிலேயிலிருந்து இன்ஜெக்டர்களுக்கும் சப்ளை போகிறதா என்று படத்தில் பாருங்கள். போனால், வண்டி நன்றாக ஓடுவதால் ரிலேயும் ஃபியூஸும் சரி. ஒயர் பிரியும் இடத்துக்கும் வால்வுக்கும் நடுவே தேடுங்கள். பிராக்கெட்டில் உரசும் இடம், எலி ஏறும் இடம், யாராவது டேப் சுற்றிய இடம்.

கொங்குவண்டி:
ஆமாம், இன்ஜெக்டர்களுக்கும் அதே ரிலேதான். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் ஹார்னஸ் டேப்பைப் பிரித்தேன். அந்த ஒயரில் பழைய எலிக்கடி, முன்பிருந்தவர் காலத்தில் யாரோ வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே முழுக்கப் பச்சை. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் சின்னத் துண்டு ஒயர் சேர்த்துச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். இப்போது பல்பு எரியும்போதே 12.1. கோடு அழித்து ஈரோடு வரை போய் வந்தேன், லைட் வரவில்லை, பிக்கப்பும் திரும்பிவிட்டது. புது வால்வுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

பழைய_ஸ்பேனர்:
நல்லது. ஜாயிண்டின் இரண்டு பக்கமும் ஒயர் ஆடாதபடி ஹார்னஸோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சால்டர் ஏறிய ஒயர் விறைப்பாக இருக்கும், அதிர்வில் அந்த ஓரத்தில்தான் ஒடியும். பழைய வால்வைத் தூக்கிப் போட வேண்டாம். ஓம் சரியாக இருந்தால் அது நல்ல வால்வுதான்.

மழைக்கால_மெக்கானிக்:
பழைய வால்வை வெளியே வைத்துச் சோதிக்கலாம். பேட்டரியிலிருந்து ஒரு நொடி மட்டும் 12 வோல்ட் கொடுங்கள், 'டக்' என்று உள்ளே ஸ்பூல் (ஆயில் வழியைத் திறந்து மூடும் தண்டு) நகர வேண்டும். எடுத்ததும் திரும்பி வர வேண்டும். பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், காயில் சூடேறும்.

ஓட்டுநர்_77:
என் பழைய ஸ்கேன் பிரிண்டைத் தேடிப் பார்த்தேன், 0011 தான் அண்ணா. இப்போது மறுபடியும் அதே கோடு. நானும் பல்பு போட்டுப் பார்க்கவா?

பழைய_ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. உங்களுக்கு முதலில் டிப்ஸ்டிக். ஆயில் அளவும் கிரேடும் சரியாக இருந்தால், வால்வுக்குப் போகும் ஆயில் வழியில் சின்ன வலை ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள், பல இன்ஜின்களில் உண்டு. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் அது அடைத்துக்கொண்டிருக்கும். அதுவும் சரி என்றால் உங்கள் வண்டி விவரத்தோடு தனியாகக் கேளுங்கள், பார்க்கலாம்.