சர்வ சிருஷ்டி என்றால் தெரு நாயுமா?

பழைய மோல்மேன்:
போன ஞாயிறு ஆராதனையில் ஒரு வாலிபர் பேசினார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். வேதத்தில் பவுல் எழுதிய ரோமர் 8ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, கடைசி நாளில் மனுஷன் மட்டும் விடுதலை ஆவதில்லை, நம் பர்மாவின் ஐராவதி ஆற்று டால்பினும் ஆகும், நம் தெரு நாயும் ஆகும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவன் நான். மாற்கு 16:15இல் என்ன இருக்கிறது? "சர்வ சிருஷ்டிக்கும் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்." அங்கே சிருஷ்டி என்றால் மனுஷன். ரோமரிலும் அதே சர்வ சிருஷ்டிதான். நாய்க்கு யாராவது சுவிசேஷம் சொன்னீர்களா? இதற்கு ஒருவர் பதில் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

திங்கன்ஜூன் தம்பி:
பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள் ஐயா. அந்த வாலிபர் நான்தான். ரோமர் 8இல் 22ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 23ஐயும் படியுங்கள். "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்று சொன்ன பவுல், "அதுவுமல்லாமல்... நாமுங்கூட" தவிக்கிறோம் என்கிறார். சிருஷ்டி என்றாலே நாம்தான் என்றால் "நாமுங்கூட" எதற்கு? நான் என் தம்பியைப் பார்த்து, "வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று, நம் வீட்டாரும்கூட சாப்பிட்டாயிற்று" என்று சொன்னால் சிரிப்பான்.

பழைய மோல்மேன்:
சாப்பாட்டுக் கதை வேண்டாம். மாற்கு 16:15.

நாலு நாய்க்காரி:
ஐயா, நாய்க்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டாம், எலும்பு போட்டால் போதும். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா விடியற்காலையில் பொங்கிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, சோறு போட்ட கையோடு வாசலில் நிற்கும் நாய்களுக்கும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். நம் ஆட்கள் கோயில் விட்டு வரும்போது கல்லை எடுக்கிறார்கள். யாருடைய வேதத்தில் சர்வ சிருஷ்டி இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டால் நான் என்ன சொல்ல?

பழைய மோல்மேன்:
அம்மா, புத்த தருமத்தை இங்கே கொண்டுவராதீர்கள். வேதம் கேட்டீர்கள், தருகிறேன். 1 கொரிந்தியர் 9:9: "தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?" பவுலே கேட்கிறார். வெளிப்படுத்தல் 22:15: நாய்கள் புறம்பே. எழுதியே வைத்திருக்கிறது, புறம்பே! மிஷனரி ஜட்சன் ஐயா பர்மிய வேதாகமத்தை 1834இல் மொழிபெயர்த்து முடித்த ஊரில் பிறந்தவன் நான். எனக்கு ரோமர் சொல்லித்தர வேண்டாம்.

நாலு நாய்க்காரி:
அதே ஜட்சன் 1813இல் ரங்கூனில் இறங்கி, முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஆயிற்று. ஆறு வருஷம். நாய்க்குச் சொல்லியிருந்தால் முதல் வாரமே வாலை ஆட்டியிருக்கும்.

பழைய மோல்மேன்:
இதுதான் இந்தக் காலத்துப் பக்தி. பரிசுத்தவான்களைக் கேலி செய்வது.

திங்கன்ஜூன் தம்பி:
வெளிப்படுத்தலில் நாய்களுக்கு அடுத்து சூனியக்காரர், கொலைபாதகர் என்று வரிசை போகிறது ஐயா. அங்கே நாய் என்பது வசவு. நீங்களும் நேற்று கமிட்டியில் அந்த அர்த்தத்தில்தான் என்னைச் சொன்னீர்கள். யோனா கடைசி வசனத்தைப் பாருங்கள். நினிவேக்காக ஏன் இரங்கக் கூடாது என்று தேவன் கேட்கும்போது, லட்சத்து இருபதினாயிரம் பேரோடு மிருகஜீவன்களையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்கிறார். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய வெஸ்லி இதே ரோமர் 8:19–22ஐ எடுத்துக்கொண்டு, மிருகங்களும் மீட்கப்படும் என்று ஒரு முழுப் பிரசங்கம் பண்ணியிருக்கிறார்.

பழைய மோல்மேன்:
நான் பாப்டிஸ்ட். வெஸ்லி என் பாட்டன் இல்லை. எல்லாம் மீட்கப்படும், எல்லாம் புதிதாகும் என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் தெரியுமா? ஆதி சபையில் ஒரிகன் என்று ஒரு போதகர் கடைசியில் எல்லோரும் கரை சேரலாம் என்கிற வரைக்கும் போனார். 553இல் கான்ஸ்டான்டினோப்பிளில் சங்கம் கூடி அவரைச் சபித்தது. இன்றைக்கு நாய், நாளைக்குப் பிசாசு.

பங்குப்பிள்ளை:
பாப்டிஸ்ட் ஐயா எங்கள் கத்தோலிக்கத் திருச்சங்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாரே, சந்தோஷம்! அப்படியே 2015இல் போப் பிரான்சிஸ் எழுதிய லௌதாத்தோ சீ மடலையும் கூப்பிடுங்கள். எல்லாப் படைப்புக்கும் நித்தியத்தில் இடம் உண்டு என்று அதில் இருக்கிறது. எங்கள் திருவிவிலியத்தில் "சிருஷ்டி" என்ற சொல்லே இல்லை, "படைப்பு" என்று சுத்தத் தமிழில் இருக்கிறது. உங்கள் சமஸ்கிருதத்தால் வந்த சண்டை இது.

பழைய மோல்மேன்:
தமிழ் வேதாகமம் எங்கள் புரொட்டஸ்டண்ட் ஆட்கள் அச்சிட்டது. 1714இல் தரங்கம்பாடியில் நாலு சுவிசேஷமும் வந்துவிட்டது. நீங்கள் அப்போது லத்தீனில் பூசை கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கோயில் தெருக்காரன்:
நான் உங்கள் மதம் இல்லை, சும்மா படித்துக்கொண்டு வந்தேன். சிருஷ்டி "மாயைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறது" என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதாமே. மாயை எங்கள் சரக்கு ஆயிற்றே. வாடகை எப்போது தருவீர்கள்?

திங்கன்ஜூன் தம்பி:
அண்ணே, சொல் உங்களுடையதுதான், அர்த்தம் வேறு. பிரசங்கி புத்தகத்தில் "எல்லாம் மாயை" என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் என்ன சொல்லோ அதுவேதான் இங்கேயும். வீணாய்ப் போவது, பலன் இல்லாமல் போவது. உலகம் பொய் என்று பவுல் சொல்லவில்லை. உலகம் உண்மை, ஆனால் கட்டுண்டு கிடக்கிறது.

பழைய மோல்மேன்:
கிரேக்கம் வந்துவிட்டது. ஆன்லைனில் ஆறு மாதம் படித்த கிரேக்கம். மாற்கு 16:15இல் கிரேக்கத்தில் என்ன இருக்கிறது? அதே "க்திசிஸ்"தானே? ஆம், இல்லை, அதை மட்டும் சொல்லும்.

திங்கன்ஜூன் தம்பி:
ஆம். அதே சொல்தான். ஒரே சொல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. ஊரே திரண்டது என்றால் மனிதர்கள், ஊரே மூழ்கியது என்றால் மரமும் மாடும் சேர்ந்துதான். அப்புறம், கேட்டதால் சொல்கிறேன், மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16 எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது.

பழைய மோல்மேன்:
வந்துவிட்டதா! வசனத்துக்குப் பதில் இல்லை என்றதும் வசனத்தையே வெட்டுகிறார். சகோதரர்களே, பார்த்துக்கொள்ளுங்கள், இவரிடம்தான் வாலிபர் கூட்டத்தை ஒப்படைத்திருக்கிறோம். ஆர்மோனியப் பெட்டியின் சாவியையும் இவரிடம்தான் கொடுத்தோம், அது இன்னும் திரும்பவில்லை.

பியாப்பூன்காரன்:
ஆர்மோனியத்தை விடுங்கள். நான் டெல்டாக்காரன். 2008 மே 2ஆம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். விடிந்ததும் நான் முதலில் பார்த்தது எங்கள் எருமை. வரப்பில் கால் நான்கும் மேலே. கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டேன். மனிதர்களைத் தேடி நான் அழுதது எனக்கு ஞாபகம் இல்லை, அந்தக் கயிறுதான் ஞாபகம் இருக்கிறது. கடல் தண்ணீர் ஏறிய வயலில் அந்த வருஷம் நாற்றுக் கருகியது. உழ மாடு இல்லை. முன்பெல்லாம் கரையோரம் அலையாத்திக் காடு இருந்ததாம், வயலுக்கும் இறால் பண்ணைக்கும் வெட்டித் தீர்த்தது நாம்தான். காடு நின்றிருந்தால் அலையின் வேகமாவது குறைந்திருக்கும். சிருஷ்டி தவிக்கிறது என்று தம்பி வாசித்தபோது கண்ணைத் துடைத்தவர்களில் ஒருத்தி என் மனைவி. ஐயா, அவளைப் பற்றிக் கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாம்.

பழைய மோல்மேன்:
தம்பி, உன் துக்கத்தை நான் மதிக்கிறேன். நர்கிஸில் நிவாரண அரிசி ஏற்றிக்கொண்டு படகில் வந்தவன் நான், யாரையும் கேட்டுப் பார். ஆனால் துக்கம் வேறு, உபதேசம் வேறு. 2 பேதுரு 3:10இன்படி பூமி எரிந்து அழிந்துபோகும். எரிவதற்கு எதற்கு மீட்பு?

திங்கன்ஜூன் தம்பி:
அதே அதிகாரம் 13ஆம் வசனம், புதிய பூமி. இந்த முறையும் நடுவிலேயே நிறுத்திவிட்டீர்கள். மாண்டலேக்கு மேலே மீனவர் படகின் ஓரத்தைக் கட்டையால் தட்டினால் டால்பின் வந்து மீனை வலைப்பக்கம் ஓட்டிக் கொடுக்கிறது. மனுஷனும் மிருகமும் சேர்ந்து வேலை செய்கிற ஆறு அது. அதற்காக 2005இல் ஆற்றில் ஒரு நீளத்தைப் பாதுகாத்த பகுதியாக அறிவித்தார்கள். அப்படியும் கரண்ட் வைத்து மீன் பிடிக்கிறவன் விடவில்லை. ஏசாயா சொன்னபடி ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் அந்தப் படகைத்தான் காட்டுவேன். அவ்வளவுதான் நான் பேசியது.

பழைய மோல்மேன்:
டால்பினுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, ஏற்கெனவே தண்ணீரில்தான் இருக்கிறது.

நாலு நாய்க்காரி:
அதுவும் முழுக்கு ஞானஸ்நானம். பாப்டிஸ்ட்டாகவே பிறந்திருக்கிறது.

பங்குப்பிள்ளை:
1714 பற்றி ஒன்று. அதற்கு முன்பே, 1578இல், எங்கள் சேசு சபை அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் தமிழில் தம்பிரான் வணக்கம் அச்சிட்டார். யார் முதலில் என்று பேசுவதற்கு முன்...

பழைய மோல்மேன்:
அது வேதமா? செபப்புத்தகம். தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.

கோயில் தெருக்காரன்:
எங்கள் வாடகை?

திங்கன்ஜூன் தம்பி:
ஐயா, ஆர்மோனியச் சாவி பொருளாளரிடம் இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த மறுநாளே கொடுத்துவிட்டேன். கையெழுத்தும் இருக்கிறது.

பழைய மோல்மேன்:
கையெழுத்தைப் படம் எடுத்துப் போடும்.

பியாப்பூன்காரன்:
என் மனைவியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பழைய மோல்மேன்:
கரண்ட் போய் இப்போதுதான் வந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். எருமை, டால்பின், படகு, சாவி எல்லாம் வந்திருக்கிறது. மாற்கு 16:15க்கு மட்டும் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

திங்கன்ஜூன் தம்பி:
சொல்லியிருக்கிறேன் ஐயா. மேலே பாருங்கள், "ஊரே மூழ்கியது" என்று வரும்.

பழைய மோல்மேன்:
பார்த்தேன். அங்கே இல்லை.