கொல்லிமலை மராஸ்மியஸ்: புதிய சிற்றினமாகப் பெயரிட என்னென்ன தேவை?

சருகுமேடு:

கொல்லிமலைச் சோலைக்காட்டில் சருகின் மேல் முளைக்கும் ஒரு மராஸ்மியஸ் (சிறு செவுள்காளான் பேரினம்). குடை 4–9 மி.மீ., துருச்சிவப்பு. செவுள்கள் 7 முதல் 9 வரைதான். செவுள்கள் காம்பைத் தொடும் இடத்தில் வளையம் போன்ற காலர் இல்லை. காம்பு கறுப்பு, தலைமுடி போல மெலிது. வெவ்வேறு இடங்களில் எடுத்த மூன்று சேகரிப்புகள் உலர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. கிடைத்த அடையாளத் திறவுகோல் எதிலும் பொருந்தவில்லை. ஐ.டி.எஸ். (பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் டி.என்.ஏ. பகுதி) வரிசையை பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுத் தேடலில் போட்டால் அதிகபட்சப் பொருத்தமே 95 சதவீதம்தான்.

புதிது என்று சொல்ல இது போதுமா? ஹோலோடைப்பை, அதாவது பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை, கல்லூரி ஹெர்பேரியத்திலேயே (உலர்மாதிரிக் காப்பகத்தில்) வைக்கலாமா? மலையின் பெயர் அல்லது ஓர் ஆசிரியரின் பெயர், இரண்டில் ஒன்றை வைக்க எண்ணம். விகுதி எப்படி வரும்? கல்லூரி ஆய்விதழில் தமிழில் வெளியிடவும், பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கவும் பேச்சு நடக்கிறது. சிக்கல் வருமா?

செவுள்எண்ணி:

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்: போதாது.

95 சதவீதம் என்றால் ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் இதுவரை ஏறியவற்றில் இதைவிட நெருக்கமானது இல்லை என்றுதான் பொருள். மராஸ்மியஸில் பெயர் பெற்ற பலவற்றுக்கு வரிசையே கிடையாது. இலங்கையின் பேராதனையிலிருந்து த்வெய்ட்ஸ் அனுப்பிய காளான்களை பெர்க்லியும் புரூமும் 1870களில் விவரித்தார்கள். அவற்றின் டைப்புகள் (பெயருக்கு ஆதாரமான மாதிரிகள்) லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. பெட்ச் 1940களில் இலங்கை மராஸ்மியஸ்களை மட்டும் தனியே எடுத்து மறுஆய்வு செய்தார். பெக்ளரின் இலங்கைச் செவுள்காளான் தொகுப்பு 1986இல் வந்தது, தென்னிந்தியாவுக்கு நடராஜனும் ராமனும் செய்தது 1983இல். இவை நான்கையும் வரிக்கு வரி பார்க்காமல் ‘புதிது’ என்று எழுதினால், மதிப்பீட்டாளர் முதல் பத்தியிலேயே திருப்பிவிடுவார். உங்களுடையது 150 வருடப் பழைய பெயராகவே இருக்கலாம். ‘97 சதவீதத்துக்குக் கீழ் என்றால் புதுச் சிற்றினம்’ என்ற கணக்கையும் மறந்துவிடுங்கள். சில குழுக்களில் ஒரே சிற்றினத்துக்குள் அதைவிட அதிக வேறுபாடு உண்டு. வேறு சிலவற்றில் தெளிவாக வேறான இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே ஒரு சதவீதம்கூட இருக்காது.

காலர் இல்லை, செவுள் குறைவு, துருநிறம் என்றால் பெரும்பாலும் மராஸ்மியஸின் சிக்கஸ் பிரிவாக இருக்கும். குடைத்தோலில் துடைப்பச் செல்களைப் பாருங்கள். உச்சியில் மட்டும் விரல்விரலாகப் பிரிந்திருந்தால் சிக்கஸ் வகை, உடம்பெல்லாம் குட்டி மருக்கள் என்றால் ரோட்டாலிஸ் வகை. சிக்கஸ் வகை என்று உறுதியானதும் செவுளின் பக்கவாட்டில் ப்ளூரோசிஸ்டிடியா என்னும் தனிச் செல்கள் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் ஹீமட்டோசெஃபாலஸ் கூட்டம், இல்லையென்றால் லியோனினஸ் கூட்டம். இதில் தவறினால் ஒப்பிட வேண்டிய பட்டியலே மாறிவிடும். பலர் தவறுவதும் இங்கேதான். இந்தச் செல்கள் மெல்லிய சுவருள்ளவை, உலர்ந்ததில் சுருங்கிக் கிடக்கும். 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடம் ஊறவிட்டு, காங்கோ ரெட் அல்லது ஃப்ளாக்சின் சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் (100x) பொறுமையாகத் தேட வேண்டும். ஒரே ஒரு துண்டைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

மெல்ட்சர் (அயோடின் கரைசல்) சோதனைக்குத் தனித் துண்டு எடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒட்டியிருக்கும் துண்டில் மெல்ட்சரை விட்டால் கலங்கல் படிந்து எதுவும் தெரியாது. அதே துண்டுதான் வேண்டும் என்றால் நன்றாக நீரில் அலசிவிட்டு விடுங்கள். உட்சதை செம்பழுப்பாக மாறுகிறதா என்பதைப் பதிவு செய்யுங்கள்.

ஸ்போரை, குடையிலிருந்து தானாக உதிர்ந்து சேரும் படிவிலிருந்து அளக்க வேண்டும். செவுளை நசுக்கி அளந்தால் முதிராத ஸ்போரும் கணக்கில் வந்து சராசரி சிறுத்துவிடும். ஒவ்வொரு சேகரிப்பிலும் 20–30 ஸ்போர், பக்கவாட்டில் தெரிபவை மட்டும், ஒட்டுமுனையைச் சேர்க்காமல். நீளம், அகலம், இரண்டின் விகிதமான கியூ, எத்தனை ஸ்போர் அளந்தீர்கள் என்ற எண் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

வரிசை விஷயத்தில் ஐ.டி.எஸ். மட்டும் போதாது. எல்.ஆர்.0.ஆர்–எல்.ஆர்.5 பிரைமரில் எல்.எஸ்.யூ. என்ற இன்னொரு டி.என்.ஏ. பகுதியும், குறைந்தது இரண்டு சேகரிப்புகளிலிருந்து எடுங்கள். சருகுக்காளானில் பூசணம் கலந்துவிடும். திரையில் டிரைக்கோடெர்மா வந்து நிற்கும். குடையின் மேல்தோலைத் தவிர்த்து உட்பகுதியிலிருந்து துண்டெடுத்தால் இது குறையும். பாதி வழியில் வரிசை இரட்டைச் சிகரமாகக் குழம்பினால் பூசணக் கலப்பு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இரண்டு உட்கருக்களின் ஐ.டி.எஸ். நீளம் ஒன்றிரண்டு எழுத்து வேறுபட்டாலும் அப்படித்தான் வரும். எதிர்த்திசையிலிருந்தும் படித்துப் பாருங்கள், தேவைப்பட்டால் குளோனிங்.

உலர்தாள்:

ஹோலோடைப் எங்கே என்பதற்கு: கல்லூரி ஹெர்பேரியம் விதிப்படி தடையில்லை. ஆனால் நியூயார்க் தாவரவியல் தோட்டம் நடத்தும் உலக ஹெர்பேரியப் பட்டியலில் அதற்குச் சுருக்கக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால் நல்ல இதழ்கள் கேள்வி கேட்கும். பொறுப்பாளர் ஓய்வு பெற்றதும் அலமாரி என்னவாகும் என்பதையும் யோசியுங்கள். ஹோலோடைப் என்பது நூறு வருடம் கழித்தும் ஒருவர் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டிய பொருள்.

இந்தியாவில் இது விருப்பம் சார்ந்ததும் அல்ல. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம், பிரிவு 39: புதிதாகக் கண்டறியப்படும் எந்த வகைப்பாட்டு அலகையும் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். பூஞ்சைக்குப் புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கேதான் அஜ்ரேகர் பூஞ்சை ஹெர்பேரியமும். தாவரத்துக்கு இந்தியத் தாவரவியல் ஆய்வகம்: கோயம்புத்தூரில் தென்மண்டல மையம், ஹௌராவில் மத்திய தேசிய ஹெர்பேரியம். காப்புக்காட்டிலிருந்து எடுத்திருந்தால் வனத்துறை அனுமதி எண்ணையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். இப்போது பல இதழ்கள் கேட்கின்றன.

மாதிரிக்கான ஹெர்பேரியப் பதிவு எண்ணைக் கட்டுரை அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ‘ஒப்படைக்கப்படும்’ என்று எதிர்காலத்தில் எழுதி, பிறகு ஒப்படைக்காமலே விட்ட டைப்புகள் நிறைய.

உலர்த்துவது 40–45 டிகிரி செல்சியஸில், இரவு முழுக்கக் காற்று ஓட. மிகை வெப்பத்தில் டி.என்.ஏ. சிதைந்துவிடும், வெயிலில் போட்டால் நிறமும் போய்ப் புழுவும் வரும். காய்ந்ததும் ஜிப் உறையில் சிலிக்கா ஜெல்லோடு. மராஸ்மியஸ் ஈரம் பட்டால் மறுபடி விரியும் சாதி, ஆகவே உறை இறுக்கமாக இருக்கட்டும். நிறத்தைப் பச்சையாக இருக்கும்போதே கோர்னரப்–வான்ஷர் வண்ணக் குறியோடு எழுதியிருந்தால் நல்லது. ‘துருச்சிவப்பு’ ஆளுக்கு ஆள் மாறும்.

கியூ டைப்புகளைத் தனிநபர் கடனாகக் கேட்க முடியாது. ஒரு ஹெர்பேரியம் வழியாகத்தான் கேட்க வேண்டும். பழைய டைப்பிலிருந்து டி.என்.ஏ.வுக்குத் துண்டு வெட்டப் பெரும்பாலும் விடமாட்டார்கள். நுண்ணோக்கி ஒப்பீட்டுக்குத் தயாராக இருங்கள்.

விதிப்புத்தகம்:

பெயர் சூட்டும் விதிகளில் பிழைகள் இரண்டு ரகம். பெயரையே செல்லாததாக்குபவை, பின்னால் யாராவது திருத்திக்கொள்ளக் கூடியவை. பதற்றப்படுவது எப்போதும் இரண்டாவதற்கு, கோட்டை விடுவது முதலாவதில்.

விகுதி இரண்டாவது ரகம். மராஸ்மியஸ் ஆண்பால், மலைப் பெயரோடு ‘-என்சிஸ்’ சேரும். பெண்பால் பேரினத்துக்கும் அதேதான். சிசீஜியம், மெமெசைலான் போன்ற அஃறிணைப்பால் பேரினங்களுக்கு ‘-என்ஸே’. ஆள் பெயர் என்றால் ஆங்கில எழுத்தில் கடைசி எழுத்தைப் பாருங்கள். முருகன் போல மெய்யில் முடியும் ஆண் பெயருக்குப் பெரும்பாலும் இரண்டு ‘ஐ’. கந்தசாமி போல ‘ஒய்’ எழுத்திலோ வேறு உயிரிலோ முடிந்தால் ஒரு ‘ஐ’. பெண் பெயர் மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஐ-ஏ-ஈ, ஜானகி போல முடிந்தால் ஏ-ஈ. ராஜா போல ‘ஏ’ எழுத்தில் முடிந்தால் யாராக இருந்தாலும் ‘ஈ’ மட்டும் சேரும். இதில் ஓர் எழுத்து தவறினாலும் ஆசிரியரும் தேதியும் மாறாமல் எழுத்துப்பிழை மட்டும் திருத்தப்படும். தமிழ்ச் சொல்லை அப்படியே பெயராக வைக்கவும் தடையில்லை. ஜஸ்டிசியா அதாடோடா போல அது பெயர்ச்சொல்லாக நின்றுவிடும், பாலுக்கேற்ப மாறாது.

இனி பெயரைச் செல்லாததாக்கும் ரகம். 1958 முதல் டைப் குறிப்பிடாத சிற்றினப் பெயர் செல்லாது. 1990 ஜனவரி 1 முதல் ‘ஹோலோடைப்’ அல்லது ‘டைப்’ என்ற சொல்லும், அது வைக்கப்பட்டிருக்கும் ஒரே ஒரு ஹெர்பேரியத்தின் பெயரும் கட்டுரையிலேயே இருக்க வேண்டும். ‘ஹோலோடைப் புனேயிலும் எங்கள் கல்லூரியிலும்’ என்று இரண்டைப் போட்டால் பெயர் போச்சு. பூஞ்சைக்கு 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் என்ற பெயர்ப் பதிவுத்தளங்கள் மூன்றில் ஒன்று வழங்கிய அடையாள எண் கட்டுரையில் அச்சாகியிருக்க வேண்டும். எண்ணை வாங்கிவிட்டு அச்சில் விட்டுவிட்டால் வாங்காததற்குச் சமம்.

மொழி: 1935 முதல் 2011 முடிய லத்தீன் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். விவரிப்பு தமிழில் மட்டும் இருந்தால் செல்லாது. தமிழ்க் கட்டுரைக்குள்ளேயே ‘இன்ன சிற்றினத்திலிருந்து இன்ன இன்ன வகையில் வேறு’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி டயக்னோசிஸ் இருந்தால் சட்டப்படி அது போதும். மற்றதை எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் எழுதுங்கள். இதழ் இணையத்தில் மட்டும் வருகிறதென்றால் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் பி.டி.எஃப். வடிவமும் வேண்டும், வெறும் இணையப்பக்கம் கணக்கில் வராது. ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை முன்கூட்டி ஏற்றுவதும் வெளியீடு ஆகாது. இறுதி வடிவம் வரும் நாள்தான் பெயரின் பிறந்தநாள்.

நாளிதழில் வந்தால் பெயர் உயிர்பெறாது. அறிவியல் சாராத செய்தித்தாளில் வருவதை 1953 முதல் விதி ஏற்பதில்லை. ஆனால் விவரிப்பில்லாத அந்த வெற்றுப் பெயர் இணையத்தில் அலைந்து, பின்னால் வருபவர்களைக் குழப்பும். செய்தியாளரைக் கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று இண்டெக்ஸ் ஃபங்கோரத்தில் தேடும்போது, இன்று வழக்கில் உள்ளதை மட்டும் பார்க்காதீர்கள். மராஸ்மியஸில் 1890இல் யாரோ செல்லும்படி வெளியிட்ட பெயர் இன்று கிரினிபெல்லிஸ், ஜிம்னோபஸ் போன்ற வேறு பேரினத்துக்குப் போயிருந்தாலும், அதே சொல்லை மராஸ்மியஸில் மறுபடி வைக்க முடியாது.

சருகுமேடு:

எல்லோருக்கும் நன்றி. அடையாள எண்ணை எந்தக் கட்டத்தில் வாங்குவது? அதே காட்டில் காசித்தும்பைப் பேரினத்துச் செடி ஒன்றும் பொருந்தாமல் நிற்கிறது. அதற்கும் இதே வழிதானா?

விதிப்புத்தகம்:

கட்டுரை ஏற்கப்பட்ட பின், அச்சுப்படி கைக்கு வரும் முன். மதிப்பீட்டில் பேரினமோ பெயரோ மாறலாம், சீக்கிரம் வாங்கினால் பயன்படாத எண்கள் தேங்கும். ஒவ்வொரு புதுப்பெயருக்கும் தனி எண். வெளியான பிறகு அந்தப் பதிவில் இதழ், பக்கம், தேதி ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் பதிவு மூடியே கிடக்கும்.

தும்பைக்காடு:

தாவரத்துக்கு அடையாள எண் கட்டாயம் இல்லை, மற்ற விதிகள் அதேதான். வேலை மாறுவது மாதிரியில்.

காசித்தும்பைப் பூவை அப்படியே அழுத்தினால் கண்ணாடித்தாள் போல ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒன்றும் பிரிக்க வராது. காட்டிலேயே மூன்று நான்கு பூக்களை 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். இரண்டு பூவைப் பிரித்து, வால் நீண்ட கீழ்ப்புல்லி, முதுகிதழ், இணைந்த பக்க இதழ்கள், மகரந்தத்தொகுதி எல்லாவற்றையும் தனித்தனியாக அட்டையில் விரித்து அழுத்துங்கள். அளவுகோல் வைத்துப் படமும் எடுங்கள். காயும் விதையும் இல்லாத சேகரிப்பை ஹோலோடைப் ஆக்க வேண்டாம். இந்தப் பேரினத்தில் விதைத்தோல் பல நேரம் தீர்ப்புச் சொல்லும். தாள் 42 × 28 செ.மீ. தண்டு நீர்த்தண்டு என்பதால் முதல் மூன்று நாள் தினமும் செய்தித்தாளை மாற்றாவிட்டால் கறுத்து அழுகும். டி.என்.ஏ.வுக்கு இளம் இலையைத் தனியாக, எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில்.

சின்னக் கூட்டமாக இருந்தால் வேரோடு பிடுங்காமல் ஒரு கிளை போதும். துல்லியமான ஆயத்தொலைவை ஹெர்பேரிய லேபிளில் எழுதுங்கள். அச்சில் கிராமமும் கடல்மட்ட உயரமும் கொடுத்தால் போதும், செடி விற்பவர்களும் கட்டுரை படிக்கிறார்கள்.

செவுள்எண்ணி:

மூன்று சேகரிப்பில் எது ஹோலோடைப் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். பச்சையில் எடுத்த படம், ஸ்போர் படிவு, ஐ.டி.எஸ்., எல்.எஸ்.யூ. நான்கும் எதற்கு இருக்கிறதோ அதுதான். பல காளான்கள் இருக்கும் உறை என்றால் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே ஆள் எடுத்ததாக இருக்க வேண்டும். உறைக்குள் இரண்டு சிற்றினம் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றின் குடைத்தோலையும் ஒரு தடவை பாருங்கள்; சருகில் இரண்டு மராஸ்மியஸ்கள் பக்கம் பக்கமாக முளைப்பது சாதாரணம். டி.என்.ஏ.வுக்கு ஒரே ஒரு காளானைச் செலவிட்டு, அதன் மீதத்தைத் தனிச் சிற்றுறையில் குறிப்போடு அதே பொட்டலத்துக்குள் வையுங்கள். படிவு இல்லாத சேகரிப்புகள் பாராடைப்பாக (கட்டுரையில் காட்டப்படும் துணை மாதிரியாக) இருக்கட்டும்.