கொரோனா காலத்து இ.எஸ்.ஐ. பணம்: 70 நாளா, 78 நாளா?

மண்டபம் கணக்கன்: "கொரோனா நேரத்தில் விதியைத் தளர்த்திவிட்டார்கள், 70 நாள் சந்தா கட்டியிருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம் கிடைத்தது, கேட்காதவன்தான் ஏமாளி" என்று நேற்றுப் பாம்பன் தம்பி பாலத்தடி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. 70 இல்லை தம்பி, 78. இருபத்திரண்டு வருடம் சம்பளக் கணக்கு எழுதிய கை இது. 2020 மார்ச் 24க்குப் பிறகு வேலை போனவனுக்குக் கொடுக்கும் உதவித்தொகை, சம்பளத்தில் கால் பங்காக இருந்தது அரைப் பங்காக உயர்ந்தது. 90 நாள் காத்திருப்பு 30 ஆனது. முதலாளியைத் தேடாமல் நேராகக் கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்றார்கள். எல்லாம் சரி, 78 மட்டும் அசையவில்லை.

பாலத்தடி: 70தான் அண்ணே. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், மாதம் 1,800க்குக் குறையாமல். 2021இல் முதலில் 78 என்றார்கள், திட்டம் வெளிவந்தபோது 70.

கீழக்கரை காக்கா: ஒருவர் வேலை போனவரைப் பேசுகிறார், மற்றவர் மௌத்தானவரைப் பேசுகிறார். இரண்டும் வேறு வேறு திட்டம் அப்பா.

மண்டபம் கணக்கன்: காக்கா, குறுக்கே வராதீங்க. எண் எண்தான். 78.

வாலிநோக்கம் உப்பு: இ.எஸ்.ஐ. இல்லாதவனுக்கு 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதில் இழப்பீடு கேட்க இரண்டு வருடக் கெடு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை அந்தக் கெடுவில் சேராது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. எங்கள் உப்பளத்தில் யாருக்கும் தெரியாது.

மண்டபம் கணக்கன்: உப்புக் கதை அப்புறம். 70 என்று எந்தத் தாளில் இருக்கிறது? தம்பி காட்டட்டும். போன வருடம் இறால் விலை விஷயத்திலும் இப்படித்தான் அளந்துவிட்டார்.

பாலத்தடி: இறால் விலையை இழுத்துவிட்டீர்களா, அப்படியானால் நானும் சொல்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் இருந்தார். 2021 மே மாதம் மூச்சு நின்றது. முந்தின ஒரு வருடத்தில் சந்தா 74 நாள். எழுபத்து நான்கு! அங்கே உங்களைப் போல ஒரு கணக்கர், 78 வேண்டும் என்று அக்காவைத் திருப்பி அனுப்பினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். ஒரு வருடம் நாங்களும் அதை நம்பிக் கிடந்தோம்.

மண்டபம் கணக்கன்: உங்களைப் போல என்றால்? நான் யார் பணத்தையும் நிறுத்தியவன் இல்லை. என் பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் காட்டட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். துக்கம் துக்கம்தான், அதற்காக 78 எழுபதாகிவிடுமா?

தங்கச்சிமடம் விசை: பங்குக்குக் கடலேறுகிறவனுக்குச் சந்தாவும் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. நீங்கள் எட்டு நாளுக்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

பாலத்தடி: விசைப்படகுக்காரர் பேசுகிறார்! 2020இல் மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47ஆகக் குறைத்தார்கள், உங்களுக்குத்தானே லாபம்? நாட்டுப்படகு வலையை அறுத்ததும் யார்?

தங்கச்சிமடம் விசை: வலையை யார் அறுத்தது என்று துறைக்கு வா, நேரில் பேசலாம்.

கீழக்கரை காக்கா: அந்தப் பிள்ளைக்குப் பணம் வந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள் தம்பி.

மண்டபம் கணக்கன்: அதை விடுங்க காக்கா. பழைய சுற்றறிக்கை தகரப் பெட்டியில் இருக்கிறது. மகன் ஊருக்கு வந்ததும் படம் எடுத்துப் போடச் சொல்கிறேன். 78 என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

பாலத்தடி: மகன் போன பொங்கலுக்கும் வருவதாகத்தான் சொன்னீர்கள்.

மண்டபம் கணக்கன்: என் மகனை இழுக்காதே. 78.