வெட் கிரைண்டருக்கு ஒரு அஃபிலியேட் தளம்: நிச் தேர்வும் தேடல் தரவரிசையும் குறித்து என் அனுபவம்

பிறர் விற்கும் பொருள்களுக்கு இணைப்புக் கொடுத்து, அதன் வழியாக விற்பனை நடந்தால் கமிஷன் பெறும் அஃபிலியேட் தளம் தொடங்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நிச்சில், அதாவது எழுத எடுத்துக்கொள்ளும் எந்தக் குறுகிய துறையில், போட்டி குறைவு என்பதைத்தான். நான் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வெட் கிரைண்டர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தளம் நடத்தி வருகிறேன். அதன் வாசகர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் வாழும் தென்னிந்தியக் குடும்பத்தினர். வருமானத்தின் பெரும்பகுதி அமேசானின் அமெரிக்க அஃபிலியேட் திட்டத்திலிருந்து வருகிறது. போட்டி இல்லாத பொருள் என்று இன்று ஒன்று கிடையாது, ஆனால் போட்டியாளர்களுக்கு விடை தெரியாத கேள்விகள் ஒவ்வொரு பொருளிலும் இருக்கின்றன என்பதே நான் உறுதியாக நம்புவது. எந்தப் பொருளில் அத்தகைய கேள்விகளுக்கு நம்மால் நேர்மையாக விடை சொல்ல முடியுமோ அதுதான் நமக்குரிய நிச்.

தளம் தொடங்குவதற்கு முன் வேறு சில துறைகளையும் ஆராய்ந்தேன். மெத்தை விமர்சனம் அவற்றுள் ஒன்று. ஒரு மெத்தை விற்றால் கிடைக்கும் கமிஷன் பெரியது என்பதால் அங்கே பெரும் பணம் புழங்கியது. 2016இல் காஸ்பர் என்ற அமெரிக்க மெத்தை நிறுவனம், ஸ்லீப்போபோலிஸ் உள்ளிட்ட சில விமர்சனத் தளங்கள்மீது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு ஸ்லீப்போபோலிஸ் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, அதை வாங்குவதற்கான நிதியில் காஸ்பரின் பங்கும் இருந்தது. தேடலில் மேலே நிற்கும் ஒரு பக்கத்துக்காக வழக்கும் கொள்முதலும் நடக்கிற துறையில், தனி ஆளாக எழுதுகிறவர் நெடுநாள் நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளையும் யோசித்தேன். ஆனால் 2018 ஆகஸ்டில் தன் தேடல் தரவரிசை முறையில் கூகுள் செய்த பெரிய மாற்றத்தில் உடல்நலம் பற்றி எழுதிய தளங்கள் பல சரிந்தன. அதைவிட முக்கியமாக, மருத்துவம் படிக்காத ஒருவர் அதைப் பற்றி அறிவுரை சொல்வது சரியல்ல என்பதால் அதை விட்டுவிட்டேன். தளங்களை இணையத்தில் வைக்க இடம் வாடகைக்குத் தரும் வெப் ஹோஸ்டிங் சேவைகளில் கமிஷன் மிக அதிகம். அதனாலேயே அங்கே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அது தரத்தின்படி அமைந்ததா, கமிஷனின்படி அமைந்ததா என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை.

வெட் கிரைண்டர் எனக்குக் கைக்கு எட்டிய பொருள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது. கல் கொத்துகிறவர், டிரம் செய்கிறவர், மோட்டார் காயில் கட்டுகிறவர் ஆகிய எல்லோரையும் ஒரே நாளில் நேரில் பார்த்துப் பேசிவிட முடிகிற ஊரில் நான் வாழ்கிறேன். அக்கா நியூ ஜெர்சியில் இருப்பதால், அங்கே விற்கப்படும் மாதிரிகளை அங்குள்ள மின்சாரத்திலேயே ஓட்டிப் பார்க்கவும் வழி இருந்தது.

பண விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமையலறைப் பொருள்களுக்கு அமேசான் அமெரிக்காவில் தரும் கமிஷன் 4.5 சதவீதம், 200 டாலர் மதிப்புள்ள கிரைண்டர் விற்றால் 9 டாலர் கிடைக்கும். நம் இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போடாவிட்டால் அதுவும் இல்லை. இது சிறிய தொகைதான். ஆனால் கமிஷன் விகிதத்தை மட்டும் பார்த்து நிச்சைத் தேர்ந்தெடுப்பதும் ஆபத்தே. 2020 ஏப்ரலில் அமேசான் மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தபோது, அந்தத் துறையில் உழைத்துத் தரவரிசையில் மேலே வந்திருந்த என் நண்பர் ஒருவரின் வருமானம், வாசகர் எண்ணிக்கை சிறிதும் குறையாத நிலையிலேயே, பாதிக்கும் கீழே போயிற்று.

தேடுசொல் ஆய்வுக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தேடுசொல்லில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்று அஹ்ரெஃப்ஸ் என்ற கருவி காட்டும் எண், முதல் பத்து இடங்களில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை தளங்களிலிருந்து பேக்லிங்க் (பிற தளங்கள் தரும் இணைப்பு) வருகிறது என்பதை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்தப் பக்கங்களில் எழுதியிருப்பது உண்மையா, எழுதியவர் பொருளைத் தொட்டுப் பார்த்தவரா என்பதை அந்த எண் சொல்லாது. ஆகவே நான் எண்ணைப் பார்த்த பிறகு பத்துப் பக்கங்களையும் திறந்து முழுவதும் படிப்பேன். ‘சிறந்த வெட் கிரைண்டர்’ என்ற பொருளில் தேடியபோது மேலே நின்ற பக்கங்களில் பல, அமேசானில் உள்ள விவரக் குறிப்பையே வேறு சொற்களில் எழுதியிருந்தன. மூன்று குழவிக்கல் உள்ளதற்கும் இரண்டு உள்ளதற்கும் மாவில் என்ன வேறுபாடு, உளுந்து பொங்கி வருவதில் எது மேல், மாவு எவ்வளவு சூடாகிறது என்பவற்றில் ஒன்றுகூட அவற்றில் இல்லை. அந்தத் தலைப்புத் தேடுசொல்லில் பெரிய பத்திரிகைத் தளங்களோடு மோதுவது வீண் என்று முடிவு செய்து, அதன் கீழே இருக்கும் நூறு சிறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

அவற்றில் என் தளத்தை நிலைநிறுத்தியது மின்சாரம் பற்றிய கேள்வி. டல்லாஸில் வசிக்கும் ஒரு அம்மையார், மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். அவர் படித்த எல்லாத் தளங்களும் ‘ஓட்டலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தன. உண்மை அவ்வளவு எளிதல்ல. இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இந்தியாவுக்காகச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். அதே வேளையில் காந்தப்புலம் நலிவதால் கெட்டி மாவை இழுக்கும் வலு குறையும். இதோடு, மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுப்பதால், 150 வாட் கிரைண்டருக்கு 150 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. மோட்டார் கட்டும் பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டு, அக்கா வீட்டில் ஓட்டிப் பார்த்து, டிரம் சுற்றும் வேகத்தை அளந்து, படங்களோடு ஒரு பக்கம் எழுதினேன். எந்தக் கருவியும் அந்தக் கேள்வியை மாதம் பலர் தேடுவதாகக் காட்டவில்லை. ஆனால் அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஒவ்வொரு தென்னிந்தியக் குடும்பமும் அதை ஒரு முறையாவது கேட்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தவர்களில் நல்லதொரு பகுதியினர் 120 வோல்ட் மாதிரியை வாங்கிவிடுகிறார்கள்.

2021 ஏப்ரலில் கூகுள் விமர்சனப் பக்கங்களுக்கென்று தனி மாற்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. பொருளைப் பயன்படுத்தியதற்கான சான்று, அளவீடுகள், முந்தைய மாதிரியிலிருந்து என்ன மாறியிருக்கிறது, எது யாருக்குப் பொருந்தும் ஆகியவற்றை விமர்சனத்தில் எதிர்பார்ப்பதாக அது வெளிப்படையாகச் சொன்னது. விவரக் குறிப்பைத் திருப்பி எழுதிய தளங்கள் சில இறங்கின, என் பக்கங்கள் ஏறின. அந்தச் சமயத்தில் ஒரு விற்பனை முகவர் என்னைத் தொடர்புகொண்டு, தங்கள் மாதிரியை முதலிடத்தில் வைத்தால் மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். அந்த மாதிரியின் டிரம்மில் ஒட்டிய கல் இளகுவதை நான் நேரில் கண்டிருந்ததால் மறுத்துவிட்டேன். பணம் வாங்கிக்கொண்டு வரிசையை மாற்றுவது, நம் சொல்லை நம்பி வாங்கும் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கமிஷன் பெறும் இணைப்புகள் என்ற அறிவிப்பைப் பக்கத்தின் தலையிலேயே வைப்பதும், இது வணிக இணைப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்டு’ குறியீட்டை இணைப்புகளில் சேர்ப்பதும் அதே நேர்மையின் பகுதிகள்தாம்.

2023 செப்டம்பர் மாற்றம் வேறு கதை. பயனுள்ள உள்ளடக்கத்துக்கு முன்னுரிமை என்ற பெயரில் வந்த அந்த மாற்றத்தில், சொந்தமாகச் சோதித்து எழுதிய சிறு தளங்கள் பலவும் அடிபட்டன. என் தளத்துக்கு வந்துகொண்டிருந்த வாசகர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் வராமல் போனார்கள். எழுத்தில் எதையும் மாற்றாத நிலையில் இப்படி நேர்ந்ததுதான் எனக்கு மிகுந்த வேதனை தந்தது. அடுத்த பிப்ரவரியில், காற்று சுத்திகரிப்பான்களைத் தாங்களே சோதித்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் என்ற தளம், பெரிய பத்திரிகைக் குழுமங்கள் சோதனை செய்ததற்கான சான்றே இல்லாத பட்டியல்களால் முதல் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருப்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. அதைப் படித்தபோது என் துறையில் நான் கண்டதையே அவர்கள் தங்கள் துறையில் கண்டிருப்பது தெரிந்தது. 2024 மார்ச்சில் தொடங்கிய அடுத்த பெரிய மாற்றம் முடிய 45 நாள்கள் பிடித்தன. அதன் பிறகு மின்சாரம், கல், பெல்ட் பற்றிய பக்கங்கள் ஓரளவு மீண்டன. ‘சிறந்தது எது’ வகைப் பக்கங்கள் மீளவில்லை. அந்த இடங்களில் இப்போது ரெட்டிட் உரையாடல்களும் யூடியூப் காணொளிகளும் நிற்கின்றன.

எனவே வருமானத்தைக் கூகுளின் ஒரே கதவில் நிறுத்தாமல், மின்னஞ்சல் மடல் ஒன்றைத் தொடங்கினேன். அமேசான் இணைப்புகளை மின்னஞ்சலுக்குள் போட அதன் விதிகள் அப்போது இடம் தரவில்லை என்பதால், மடலில் மாவு புளிக்கும் பக்குவம், கல் பராமரிப்பு போன்றவற்றை எழுதி, வாசகரைத் தளத்துக்கு அழைத்து வருகிறேன்.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த இன்னொரு கேள்வியையும் சொல்ல வேண்டும். ஓரிகான் மாநிலத்தில் வீட்டிலேயே கொக்கோ விதையிலிருந்து சாக்லேட் செய்கிற ஒருவர், மேசைக் கிரைண்டரை இடைவிடாமல் இரண்டு நாள் ஓட்டினால் தாங்குமா என்று கேட்டார். நம் ஊர் கிரைண்டரின் அமைப்பிலிருந்தே சிறு சாக்லேட் தயாரிப்பாளர்களுக்கான, மெலஞ்சர் எனப்படும் கொக்கோ அரைக்கும் இயந்திரங்கள் உருவாயின என்பதும், அவற்றில் பல கோயம்புத்தூரிலேயே தயாராகின்றன என்பதும் அவர் வழியாகத்தான் எனக்குத் தெரிய வந்தது. இட்லி மாவு ஒரு மணி நேரத்துக்குள் அரைபட்டுவிடும். கொக்கோவோ 24 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை அரைபட வேண்டும். வீட்டுக் கிரைண்டரின் மோட்டாரும் கல்லை டிரம்மோடு பிணைக்கும் பசையும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இதை அவருக்கு விளக்கி எழுதிய கடிதமே பிறகு தளத்தில் ஒரு தனிப் பகுதியாக வளர்ந்தது. அங்கே போட்டியிடுகிறவர்கள் சாக்லேட் அறிந்தவர்கள். கல்லும் மோட்டாரும் அறிந்தவர்கள் மிகச் சிலரே.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் தேடுசொல் பட்டியல் கேட்கும்போது, உங்கள் ஊரில் என்ன செய்யப்படுகிறது, உங்கள் வீட்டில் யாருக்கு எந்தக் கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். சிவகாசிக்காரர் ஒருவர் அச்சு இயந்திரங்களின் உதிரிப் பொருள்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார். தேடுவோர் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் முதல் பக்கத்தில் இருக்கிறவர்களில் எவரும் அந்த இயந்திரத்தை இயக்கியவர்களாகத் தெரியவில்லை. அவருடைய முதல் பக்கங்களை இப்போது நான் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன்.