லேசான மனப்பதற்றமும் முதுமையில் தூக்கமின்மையும்: எதிலிருந்து தொடங்குவது?

கும்பகோணத்து மகள்:
71 வயதான என் தாயார் சில மாதங்களாக நள்ளிரவு தாண்டியதும் விழித்துக்கொண்டு, கேஸை மூடினோமா, பேரன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று எண்ணியபடியே விடியும்வரை படுத்திருக்கிறார். பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுகிறார். ஓய்வூதியக் கணக்கைத் தாமே பார்த்துவந்தவர், இப்போது வங்கிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். படிவம் வைத்து மதிப்பிட்ட மருத்துவர், லேசான பதற்றம்தான் என்றார். லேசானது இவ்வளவு முடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லும், பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைக் கேட்டு வாங்கலாமா?

நல்லுறக்கம்:
பதற்றத்தை ஏழு கேள்விகளால் அளக்கும் ஜிஏடி-7 படிவமாக இருந்தால், மொத்தம் 21 மதிப்பெண்ணில் 5 முதல் 9 வரை லேசான பதற்றம். கடந்த இரண்டு வாரங்களில் அறிகுறிகள் எத்தனை நாள் தொல்லை தந்தன என்பதையே அந்த மதிப்பெண் காட்டும். அன்றாட வேலை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பது அதில் சேராது. முதுமையில் ஆழ்ந்த உறக்கம் இயல்பாகவே குறைவதால் இடையில் விழிப்பு வருவதில் வியப்பில்லை. விழித்த நேரத்தில் கவலை புகுந்துகொள்வதுதான் மறுபடி உறங்கவிடுவதில்லை. மறுநாள் கவனம் சிதறுகிறது, கணக்கில் பிழை வருமோ என்ற அச்சம் கூடுகிறது, பகல் தூக்கமோ இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. எது முதலில் வந்தது என்று ஆராய்வதைவிட, இந்தச் சுழலை எங்கே அறுக்கலாம் என்று பார்ப்பதே பயன் தரும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே முதல் தேர்வு என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, இருபது நிமிடம் போல உறக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து அமைதியாக உட்கார்ந்திருப்பது ஆகியவை அதன் பகுதிகள். கடிகாரத்தைக் கண்ணில் படாமல் வையுங்கள். வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

மருந்தாளுநர்:
அல்பிரசோலம் வேண்டாம் என்பதே என் கருத்து. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியலில் அது சேர்ந்த பென்சோடயசிபைன் வகை இருக்கிறது. தடுமாறி விழுதல், எலும்பு முறிவு, மனக்குழப்பம் ஆகியவை காரணம். ஏற்கெனவே பல நாள் எடுத்துவருபவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை மாலையில் தரப்படுகிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லாத மனச்சோர்வு சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

நல்லுறக்கம்:
ஒன்று விட்டுப்போயிற்று. பாவம் என்று வங்கி வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளரும். உடன் சென்று அருகில் நில்லுங்கள், படிவத்தை அவரே நிரப்பட்டும்.