அனார்கலி செத்தாளா, தப்பித்தாளா?

குழு: நம்ம வீடு

வித்யா: ‘மொகல்-ஏ-ஆசம்’ பார்த்து முடித்தேன். கடைசியில் அக்பர் அனார்கலியைச் சுரங்க வழியாக அனுப்பிவிடுகிறாரே! அக்பரின் மகன் சலீமைக் காதலித்ததற்காக அவளை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள் என்றுதானே பாட்டி சொல்வார்கள்?

ரேவதி சித்தி: அம்மாவுக்கு அனார்கலி என்றால் 1955இல் வந்த படம்தான். ‘ஜீவிதமே சபலமோ’ வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

பாட்டி: 🎤 0:48

ரேவதி சித்தி: கேட்க நேரமில்லாதவர்களுக்கு: அஞ்சலிதேவி மாதிரி இனி ஒருத்தி பிறக்க வேண்டுமாம். அக்பர் கல்நெஞ்சக்காரனாம்.

கார்த்தி: அப்படி ஒருத்தி இருந்ததே கிடையாது. ஜஹாங்கீர், அதாவது நம்ம சலீம், தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார். குடித்த கோப்பைக் கணக்கு வரை இருக்கிறது, இவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

வித்யா: அப்போ லாகூரில் இருக்கிற கல்லறை?

சித்தப்பா: அது நிஜம். எண்கோணக் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் கொஞ்ச நாள் சர்ச், அப்புறம் ஆவணக் காப்பகம். உள்ளே பளிங்கில் ஒரு பாரசீகக் கவிதை. காதலி முகத்தை இன்னொரு முறை பார்க்க முடிந்தால் இறுதித் தீர்ப்பு நாள் வரை கடவுளுக்கு நன்றி சொல்வேன் என்று. ‘மஜ்னூன் சலீம் அக்பர்’ என்று கையெழுத்து வேறு. மஜ்னூன் என்றால் காதல் பித்தன்.

கார்த்தி: ஓ…

சித்தப்பா: இரண்டு வருஷமும் வெட்டியிருக்கிறது, 1599, 1615. முதலாவது அவள் இறந்த வருஷம் என்பார்கள். ஆனால் அக்பர் 1598லேயே லாகூரை விட்டுக் கிளம்பிவிட்டார். 1599இல் சலீமுக்கு 30 வயது, பிள்ளைகுட்டிக்காரன். பின்னாளில் ஷாஜஹான் ஆன பையனுக்கே ஏழு வயது!

வித்யா: சுவர்க்கதை யார் கட்டிவிட்டது?

சித்தப்பா: 1611இல் அவுரி என்கிற நீலச் சாயம் விற்க லாகூர் போன ஆங்கில வியாபாரி வில்லியம் பிஞ்ச் எழுதிவைத்திருக்கிறான். ஊரில் காதில் விழுந்ததுதான். அதில் அவள் நாட்டியக்காரி இல்லை. அக்பரின் மனைவிகளில் ஒருத்தி, இளவரசர் தானியாலின் அம்மா.

ரேவதி சித்தி: ஐயோ, சின்னப் பிள்ளைகள் இருக்கிற குரூப்!

கார்த்தி: அதை அப்படியே எடுத்தால் எந்தத் தியேட்டரில் ஓடும்? அடிமைப் பெண், நாட்டியக்காரி என்றால் அழலாம்.

சித்தப்பா: 1922இல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய உருது நாடகம்தான் சினிமாக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. ‘மொகல்-ஏ-ஆசம்’ எடுத்த கே. ஆசிப் 1960இல் அக்பரின் பெயரையும் காப்பாற்றிவிட்டார். எனக்கு அந்த முடிவு பிடிக்காது. நிஜத்தில் சலீம் அலகாபாத்தில் தனி தர்பார் நடத்தியது காதலுக்காக இல்லை, நாற்காலிக்காக. 1602இல் அக்பருக்கு நெருக்கமான அறிஞர் அபுல் பசலைத் தீர்த்துக்கட்ட ஆள் வைத்ததும் அவர்தான். அதை யாராவது எடுக்கட்டும், முதல் நாளே போகிறேன்.

வித்யா: சரி, கல்லறையில் இருப்பது யார்?

சித்தப்பா: சலீமின் மனைவி சாஹிப் ஜமால் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவள் இறந்ததும் 1599 வாக்கில்தான்.

கார்த்தி: மனைவிக்கா அந்தக் கவிதை? நம்ப முடியவில்லையே.

ரேவதி சித்தி: ஏன், மனைவிக்கு எழுதினால் ஆகாதா? உன் சித்தப்பாவிடமே கேள்.

கார்த்தி: சித்தப்பா?

கார்த்தி: ஆன்லைனில்தானே இருக்கிறீர்கள்?